பட்டி படிந்த பெட்டி

பெட்டியின் மூலையில் வெள்ளையாக ஒரு கறை இருந்தது. அதைப் பார்த்துத்தான் கடையில் அந்தப் பெட்டியை எடுத்தேன். ஜிப்சம் பலகை அடித்து இணைப்புகளில் பட்டி பூசுகிற எங்களைப் போன்றவர்கள் தொட்டது எதுவானாலும் அந்த வெள்ளை ஒட்டியிருக்கும். வண்டி ஸ்டியரிங்கில், காபி பிளாஸ்கில், பெண்டாட்டி தோளில். நம்ம ஆள் ஒருவன் வாங்கி, வேண்டாமென்று திருப்பிக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தேன். நம்ம ஆள் பொருளைக் கெடுக்க மாட்டான் என்றும் நினைத்தேன்.

என் மனைவி ரோண்டாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆஸ்பத்திரிக்கு வரும் போனை எடுத்து டாக்டரைப் பார்க்க நாள் குறித்துக் கொடுப்பாள். திங்கட்கிழமைக்குள் எல்லார் கம்ப்யூட்டரிலும் புது விண்டோஸ் இருக்க வேண்டும், இல்லாதவர்களுக்கு வேலை கிடையாது என்று அவள் ஆபீஸ் சொல்லிவிட்டது. எங்கள் கம்ப்யூட்டரில் அது ஏற மறுத்தது. என் முதுகு போன குளிர்காலத்திலிருந்து பாதி நாள் வேலைக்குத்தான் தாங்குகிறது. அவள் சம்பளத்தில்தான் வீடு நிற்கிறது.

டெல்மரிடம் கேட்டேன். ரோண்டாவின் தம்பி, என்னோடு ஒரே கோஷ்டியில் வேலை செய்கிறவன். கம்ப்யூட்டர் விஷயத்தில் எங்கள் டேட்டன் ஊர்ப் பக்கத்துப் பலகைக்காரர்களுக்கெல்லாம் அவன்தான் வைத்தியன். மத்தியானம் அடுக்கி வைத்த பலகைகள்மேல் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தோம்.

"அக்கா கம்ப்யூட்டருக்கு என்ன வயசு மாமா?"

"என் டிரக்கு வயசு."

"அப்ப புதைச்சிரு. பிராசஸர் மாத்தணும். புது பிராசஸர் பழைய மதர்போர்டுல உக்காராது, அதையும் மாத்தணும். ரேமும்தான்."

"பல்லு வலின்னு வந்தா தாடையையே மாத்தச் சொல்ற."

"பல்லு மட்டும் புதுசா இருந்து என்ன கடிக்கப் போற?" என்று சிரித்தான். "ஆனா பெரிய பிராசஸர் வேணாம். அக்கா என்ன ராக்கெட்டா விடுறா? நடுத்தரமா ஒண்ணு எடு. படம் காட்டுற சங்கதி அதுக்குள்ளயே இருக்கணும், இல்லேன்னா அதுக்குத் தனியா ஒரு கார்டு வாங்கணும். மதர்போர்டு, போன மாசம் நான் வாங்கினதையே வாங்கு. கண்ணைக் கட்டிக்கிட்டுப் பூட்டித் தர்றேன்."

தன் மதர்போர்டுப் பெட்டியின் படத்தையும் என் போனுக்கு அனுப்பினான். நான் எழுத்துக் கூட்டக் கற்றதே நாற்பதுக்கு மேல், நூலகத்தின் அடித்தளத்தில் நடந்த வகுப்பில். கடையில் அந்தப் படத்தையும் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தியது. திருப்பி வந்த பொருள்களை விலை குறைத்து வைக்கிற தட்டு அது.

"ஒருத்தர் வாங்கிட்டுப் போயி, கம்ப்யூட்டர் கேபினட்ல அடங்கலைன்னு திருப்பிட்டாரு," என்றாள் கடைப் பெண். "மத்தபடி நல்லாத்தான் இருக்கும்."

பிராசஸரையும் ரேமையும் புதிதாகவே எடுத்துக்கொண்டு, ஒரு நாள் கூலி மிச்சம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் டெல்மர் வந்தான். எங்கள் வீட்டு பிரிட்ஜைக் கேட்காமல் திறந்து சோடா எடுத்துக்கொண்டு, காலால் நாற்காலியை இழுத்துப்போட்டு, "எங்க நோயாளி?" என்றான். பிறகு மேசைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தான். சோடாவைத் திறக்கவில்லை.

"இதை எங்க எடுத்த?"

"திருப்பி வந்த தட்டுல. உன்னோடதேதான், சரிபாத்துத்தான் வாங்கினேன்."

"குடுத்துட்டுப் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வா மாமா."

"ஏன்?"

"இல்ல... எவன் என்ன பண்ணி வச்சிருக்கானோ."

"பழைய வீடு, பழைய டிரக்கு, பழைய பெண்டாட்டி. இது மட்டும் புதுசா வேணுமாக்கும்."

"யாருய்யா பழசு?" என்று அடுப்பங்கரையிலிருந்து ரோண்டா கரண்டியோடு வந்தாள். "டெல்மர், சும்மா சாக்குச் சொல்லாத. திங்கக்கிழமைக்குள்ள எனக்கு வேணும். என் தம்பி பூட்டினா தப்பாதுன்னு ஆபீஸ்ல வேற சொல்லி வச்சிருக்கேன்."

அவன் அவளைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். வழக்கமான நக்கலைக்கூட விட்டுவிட்டு, பெட்டியை விரலால் என் பக்கம் தள்ளினான்.

"நீயே வை மாமா," என்றான் கடைசியில். "எனக்குக் காலையிலேருந்து கை நடுங்குது. காபி கூடிப்போச்சு. நான் சொல்லச் சொல்ல நீ செய்."

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ரோண்டா போனை நீட்டிப் படம் எடுக்கத் தயாராக நின்றாள். மதர்போர்டின் ஓரக் கம்பியை நெம்பி, இரும்புச் சட்டத்தைத் தூக்கினேன். உள்ளே சதுரக் குழியில் முடியைவிட மெல்லிய ஊசிகள், நூற்றுக்கணக்கில். என் கண்ணுக்கு அது வெறும் மினுமினுப்பு. டெல்மர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பிராசஸரைப் பூப்போல இறக்கினேன். கம்பியை அழுத்தினால்தான் பூட்டும், அழுத்தினேன். நறநறவென்று ஒரு சத்தம் வந்தது.

"அப்படித்தான் சத்தம் வரும்," என்றான் அவன், திரும்பாமலே.

எல்லாம் பூட்டி முடித்தோம். காற்றாடி சுற்றியது. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. ரேமைக் கழற்றி மாட்டினோம், ஒயரை மாற்றிச் செருகினோம். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் பிராசஸரை எடுத்துவிட்டு டெல்மர் டார்ச் அடித்தான்.

"ஊசி வளைஞ்சிருக்கு மாமா," என்றான் மெதுவாக. "இந்த மூலையில."

ரோண்டா குனிந்து பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளை மட்டும். முப்பது வருஷமாகப் பலகை தூக்கித் தடித்த விரல்கள். அவற்றை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"யாருக்கும் நடக்கும்," என்றான் டெல்மர். சோடாவைத் திறக்காமலே பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனான்.

அவன் வண்டி போனதும் ரோண்டா சொன்னாள். "திருப்பிக் குடுத்துரு. வரும்போதே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லு."

"நான்தானே வளைச்சேன்."

"யாருக்குத் தெரியும்?"

அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. பயம்தான் பேசியது. நானும் மறுக்கவில்லை. ஊசிக் குழியின் பிளாஸ்டிக் மூடியைப் பழையபடி மாட்டி, பெட்டியை மூடி, டிரக்கில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிச் சொல்லிப் பழகினேன். வரும்போதே இப்படித்தான் இருந்தது. வரும்போதே இப்படித்தான் இருந்தது. வாய்க்கு வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் என்னைத் தவிர யாரும் இல்லை. அதே பெண் தலை நிமிர்ந்து, "என்ன ஆச்சுங்க?" என்று சிரித்தாள். என் காது சூடாகிவிட்டது. "ஒண்ணுமில்ல, தப்பான பெட்டியக் கொண்டாந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். அதுவும் பொய்தான்.

"கடையில ஏகப்பட்ட கூட்டம்," என்றேன் ரோண்டாவிடம்.

அவள் சரி என்றாள். வேலைக்கு வேறு யாரிடமாவது கம்ப்யூட்டர் கடன் கிடைக்குமா என்று ஒவ்வொருத்தியாகப் போன் போட ஆரம்பித்தாள். ஒவ்வொரு போனிலும் "என் வீட்டுக்காரர் வெர்லின் கை பட்டு உடைஞ்சிருச்சு" என்று ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நான் கொட்டகைக்குப் போய், சுத்தமாக இருந்த பட்டி பூசும் கரணையை மறுபடி சுத்தம் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சுக்குப் போய்த் திரும்பியபோது டெல்மரின் டிரக் வாசலில் நின்றது. அவன் படியில் உட்கார்ந்திருந்தான். மடியில் அவனுடைய கம்ப்யூட்டர்.

"என் மதர்போர்டை எடுத்துக்க மாமா," என்றான். "எனக்கு இப்ப தேவையில்ல. கேம் ஆடி ஆடித் தூக்கமே போச்சு."

வேண்டாமென்றேன். கேட்கவில்லை. உள்ளே வந்து தன் கம்ப்யூட்டரைப் பிரித்து, தன் மதர்போர்டை எங்களுடையதில் வைத்துப் பூட்டினான். இன்றைக்குக் கை நடுங்கவில்லை. மானிட்டரில் வெளிச்சம் வந்தது. சாப்பாட்டுக்குள் புது விண்டோஸ் ஏறிவிட்டது. ரோண்டா தம்பியின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். பீச் பழம் அடைத்துச் சுட்ட பலகாரத்தைச் சூடு பண்ணப் போனாள்.

நான் மேசையைச் சுத்தம் செய்தேன். உடைந்த மதர்போர்டைப் பெட்டிக்குள் வைத்து மூடும்போது மூலையில் இருந்த அந்தக் கறையைக் கிட்டத்தில் பார்த்தேன். பட்டியில் பதிந்த கட்டை விரல். ரேகைகளின் குறுக்கே ஒரு வெறும் கோடு.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். கத்தி நழுவி டெல்மரின் கட்டை விரலைக் கிழித்த அன்று தையல் போடக் கூட்டிப்போனவனே நான்தான். தேய்த்து வழவழப்பாக்குவதற்கு முன்னால் எங்கள் சுவர்களிலெல்லாம் அந்தக் கோடு இருக்கும்.

அவன் சிங்க்கில் கை கழுவிக்கொண்டிருந்தான். ரொம்ப நேரமாக.

முதலில் எனக்கு வந்தது கோபமில்லை. அப்பாடா என்று இருந்தது. என் கை செய்யவில்லை. ரோண்டாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. அப்படி வந்ததே எனக்கு அருவருப்பாக இருந்தது. விரலை நாக்கில் தொட்டு அந்தக் கறையைத் தேய்த்தேன். பாதி போனது.

ரோண்டா பலகாரத்தை வெட்டிக்கொண்டே சிரித்தாள். "டெல்மர், இனிமே உங்க மாமா கையில சுவரைத் தவிர வேற எதையும் குடுக்காத. சாமான் செட்டெல்லாம் கூட இரும்புல வாங்கலாம்னு இருக்கேன்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"மாமா வளைக்கல அக்கா," என்றான் அவன். திரும்பவில்லை, சிங்க்கோடுதான் பேசினான். "நான். போன மாசம் முதல்ல வாங்கினது அதுதான். பிராசஸரை ஊசி மேல நழுவ விட்டுட்டேன். அடங்கலைன்னு பொய் சொல்லித் திருப்பிக் குடுத்துட்டு, வேற கடையில அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். நேத்து பெட்டியப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு."

ரோண்டா கத்தியை வைத்தாள். "தெரிஞ்சுமா அவரை வைக்கச் சொன்ன?"

"நீ போனைப் புடிச்சிக்கிட்டு நின்ன. தம்பி தம்பின்ன. என்னால..."

"நேத்து நான் எத்தனை பேருக்குப் போன் போட்டேன் தெரியுமா? என்ன சொன்னேன் தெரியுமா?" என் பக்கம் திரும்பினாள். "நீ என்னய்யா கல்லு மாதிரி நிக்கிற? திட்டு அவனை. உனக்குக் கோபமே வராதா?"

டெல்மரும் திரும்பி என்னைப் பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருக்கிற முகம். என் விரல் நுனியில் அவன் பட்டி இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"நேத்து கடையில கூட்டமே இல்ல ரோண்டா," என்றேன். "ஒரு ஆள்கூட இல்ல."

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. எதைச் சொல்லி அனுப்பினாள் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து சமையலுக்காக இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்தாள். வரும்போதே இப்படித்தான் இருந்தது. நான் பழகிக்கொண்டு போன பொய் அது. சொல்லியிருந்தால் உண்மையாகியிருக்கும். ஆனால் நான் பொய்யென்று தெரிந்துதான் போனேன், அவள் பொய்யென்று தெரிந்துதான் அனுப்பினாள்.

யாரும் பலகாரத்தைத் தொடவில்லை. டெல்மர் பெட்டியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"கடைக்குப் போறேன்," என்றான். "நடந்ததைச் சொல்லிட்டு, அன்னிக்குத் திருப்பி வாங்கின பணத்தைக் கட்டிடறேன். இல்லேன்னா மறுபடி அந்தத் தட்டுக்கே போயிரும்."

"இரு, நானும் வர்றேன்," என்றேன்.

டிரக்கை நான்தான் ஓட்டினேன். கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். கண்ணாடிக்கு உள்ளே அந்தப் பெண் தெரிந்தாள். எங்களைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். இருவரும் மடியில் கைகளை வைத்துக்கொண்டு, அடுத்தவன் முதலில் கதவைத் திறக்கட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

பிறகு அவன் திறந்தான்.