சரி சாரின் நீல முடி

எதிர்வீட்டுக்காரரை எங்கள் தெருவில் 'சரி சார்' என்றுதான் சொல்வோம். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். ஐம்பதை நெருங்கியும் அப்பா பேச்சைத் தாண்டியதில்லை. படிப்பு, வேலை, பெண்டாட்டி, சட்டை நிறம் எல்லாம் பெரியவர் தேர்வு. இவர் பங்கு ஒரு 'சரிப்பா'.

போன மாதம் அவர் மகள் யாரையும் கேட்காமல் தலைமுடிக்கு நீலச்சாயம் பூசிக்கொண்டு வந்தாள். வீடு இரண்டுபட்டது. தாத்தா கத்த, அம்மா அழ, அவள் தன் அறைக் கதவை அறைந்து சாத்தினாள் பாருங்கள், என் வீட்டுப் பாத்திரங்கள் அதிர்ந்தன. நான் ஒன்றும் ஒட்டுக்கேட்கவில்லை, துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இவர் மட்டும் கூடத்தில் நின்று, அந்தச் சத்தம் அடங்குவதைப் பாட்டு முடிவதைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு மனிதருக்குக் கால் தரையில் இல்லை. கடையில் ஆள் இல்லாதபோது சோதனைக் கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு தெருவைப் பார்ப்பாராம். பவர் கூடக்கூடத் தெரு கரைந்துபோகும். அந்தக் கலங்கலில் போகிற பையன்கள் எல்லாம் இருபது வயது இவராகவே தெரிவார்களாம்: நீள முடி, மோட்டார் சைக்கிள், வீட்டில் சொல்லாமல் போகும் ஏதோ ஓர் ஊர். அவர் மனைவிதான் என்னிடம் அங்கலாய்த்தாள். ஒருநாள் வாசற்கதவை அறைந்துகூடப் பார்த்தார். சத்தம் கூடாதென்று அவரே பொருத்திய ஸ்பிரிங் அதை மெல்ல இழுத்து, பெருமூச்சோடு சாத்தியது.

மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்களுக்கும் கொஞ்சம் பூசட்டுமாப்பா?"

இவர் என்ன செய்தார் தெரியுமா? "இரு, தாத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று எழுந்தாராம். அடங்காமல் திரிவதற்கு அனுமதி கேட்கப் போன மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. மகள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்திருக்கிறாள்.

மறுநாள் காலை, நெற்றிக்கு மேல் ஒரு கொத்து நீலத்தோடு, வாசலில் இருந்த பெரியவர் முன்னால் போய் நின்றார். திட்டு வாங்க ஏங்கிக் கிடந்த முகம். பெரியவர் அந்தக் கொத்தை ஒருமுறை பார்த்தார்.

"தொப்பி போட்டுக்கிட்டுப் போ."

இவர் தலை வழக்கம்போல ஆடத் தொடங்கியதை என் ஜன்னலிலிருந்தே பார்த்தேன். பாதியில் நின்றது.

"மாட்டேன்பா."

"என்ன சொன்னே?" பெரியவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"மாட்டேன்பா. இப்படியேதான் போவேன்."

இவர் படியிறங்கி வந்தார். பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. கைப்பையை வீசிக்கொண்டு, கடை இருக்கும் திசைக்கு நேர் எதிராக, நடுத்தெருவில் மிதந்துபோனார். பின்னால் ஹார்ன் அடித்தவனுக்கு வழிகூட விடவில்லை.