மூடியில்லாத சுவிட்ச்

இலங்கையில் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் மிசின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் இக்னேசியஸ். பல்சக்கரம் வெட்டும் பழைய மில்லிங் மிசினைக் கம்பியூட்டரால் ஓட்ட வேண்டும் என்று தோட்டத்துத் துரைக்கு ஆசை. எண்பத்தேழாம் வருஷம் அது. சீமையிலிருந்து சின்னதாக ஒரு கம்பியூட்டரும் கொண்டுவந்துவிட்டார். மற்றச் சாமான்களுக்குக் கொடுத்த காசு கொஞ்சம்தான்.

மோட்டார்களை நுவரெலியாப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கினான். மிசினின் இரும்பு மேசையை நகர்த்தும் திருகை மாற்றாமல், பழையதையே கழுவிப் போட்டான். கடைசியில் மிஞ்சியது ஒரு சுவிட்ச். மேசை ஓரத்துக்கு வந்து தட்டினால் அதன் இரண்டு தகடுகளும் ஒட்டும், மோட்டார் நிற்கும். மூடி போட்டதற்கு விலை அதிகம் என்று மூடியில்லாததை வாங்கினான். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான்.

அந்தச் சுவிட்ச் ஏமாற்றினால் மேசை சுவரில் போய்த்தான் முட்டும். சுவருக்கும் மேசைக்கும் நடுவில் நின்று இரும்புத் தூள் கூட்டுகிறவன் வீரய்யா. இருபது தரம் ஓட்டிப் பார்த்து, இருபது தரமும் நின்ற பிறகும் இக்னேசியஸ் அதை நம்பவில்லை. ஓட்டும்போதெல்லாம் ஒரு கையை மெயின் சுவிட்சிலேயே வைத்திருந்தான்.

ஆயுத பூசைக்கு மறுநாள் துரை பார்க்க வந்தார். மேசை ஊர்ந்தது. வீரய்யா இடது கையைச் சுவரில் ஊன்றிக் குனிந்திருந்தான். மேசை சுவிட்சைத் தட்டியது. நிற்கவில்லை.

"வீரய்யா, கைய எடு" என்று அலறிக்கொண்டே இக்னேசியஸ் மெயினை இழுத்தான். சத்தத்தில் வீரய்யாவுக்குக் கேட்கவில்லை. மேசை நின்றபோது அவன் விரலுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு கொழுந்து நுழையும் இடம்தான் இருந்தது.

துரை முகம் வெளுத்து வெளியே போனார். இக்னேசியஸ் மண்டியிட்டுச் சுவிட்சைப் பார்த்தான். தகடுகளுக்கு நடுவே காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம். எல்லா மிசினுக்கும் பொட்டு வைத்த வீரய்யா, புதுச் சாமானை மட்டும் விட்டுவிடுவானா? மாதா கோயிலுக்குப் போகிற இக்னேசியஸ் வருஷா வருஷம் பூசைக் கடலையைத் தின்றானே தவிர, சந்தனம் எங்கெங்கே போகிறது என்று பார்த்ததில்லை. தெரிந்தால் துரை வீரய்யாவை ஃபேக்டரியை விட்டு மலை வேலைக்கு அனுப்பிவிடுவார். சத்தமில்லாமல் சுரண்டித் துடைத்தான். சுவிட்ச் இறுகிப்போச்சு என்று துரையிடம் சொன்னான்.

மறுநாள் காலையில் வீரய்யா கிண்ணத்தோடு வந்தான்.

"நேத்து என் கையக் காப்பாத்துன மிசினுண்ணே. இன்னும் கொஞ்சம் நல்லா வச்சுர்றேன்."

சந்தன விரல் தகடுகளை நோக்கிப் போனது. இக்னேசியஸ் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் வீரய்யா. இதுக்குள்ள சந்தனம் போனதாலதான் நேத்து நிக்கல. ஒன் மேல தப்பில்ல. மூடி போட்டத வாங்காம விட்டது நான்."

வீரய்யா தன் ஐந்து விரல்களையும் பார்த்தான். சந்தனத்தைச் சட்டையில் மெதுவாகத் துடைத்தான்.

"மூடி போட்டது என்னா வெலண்ணே?"

இக்னேசியசுக்கு விலை நன்றாக ஞாபகம் இருந்தது. பழைய தகரம் ஒன்றை எடுத்துச் சுவிட்சுக்கு மூடி வெட்டத் தொடங்கினான்.