இதுவா, அதுவா?

“இன்னொரு தடவை முதல் பெட்டியில வாசிக்கட்டுமாக்கா?”

“ஆறு தடவை வாசிச்சாச்சுடி. என் காது கொதிக்குது. வாயத் திறந்து சொல்லு, இதுவா, அதுவா?”

கேட்ட பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது, இது தன் கடைப் பேச்சு என்று. மூக்குக் கண்ணாடிக் கடையில் காலை முதல் மாலை வரை அவள் கேட்பது இதைத்தான். ஒரு லென்ஸைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, இதுவா, அதுவா? ஒரு பக்கம் குரலைச் சற்று ஏற்றினால் போதும், வந்தவர் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார். ஒன்பது வருடத்தில் ஒருவரையும் அவள் அப்படிச் சாய்த்ததில்லை.

பழைய இசைக்கருவிக் கடையில், தங்கை கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, கிட்டார் ஒலியைப் பெருக்கும் இரண்டு ஆம்ப் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் வால்வு ஆம்ப்கள், இரண்டும் பழசு, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். கம்பி வலைக்குப் பின்னால் வால்வுகள் தணல் போலக் கனன்றன. ஞாயிற்றுக்கிழமை மேடை. அதற்குள், முன்னால் நின்று தனித்து வாசிக்கிற லீட் கிட்டாருக்கு ஒரு பெட்டி வேண்டும்.

அந்த லீட் போன மாதம்வரை அக்காவுடையது. இசைக்குழுவை ஆரம்பித்ததே அவள்தான். பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே உறுமுகிற பாடகனுக்குத் தொண்டை என்று பெயர் வைத்ததும் அவள்தான். அந்தத் தொண்டைதான் ஒரு நாள் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னான், “சின்னவ லீட் எடுக்கட்டுமே. அவ விரல் வேற மாதிரி ஓடுது. நீ பின்னால ரிதம் பாத்துக்க.”

“நானே சொல்லணும்னு இருந்தேன்,” என்று அக்கா சிரித்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தங்கை பக்கத்து அறையில் பயிற்சி செய்யும்போதெல்லாம், ஒரு சுரமாவது பிசகாதா என்று சுவரில் காதை வைத்துக் கேட்டாள். பிசகவில்லை.

முதல் பெட்டி தனியாகக் கேட்க அபாரமாக இருந்தது. தடித்த தந்தியைத் தட்டினால் கடையின் கதவு அதிர்ந்தது. அடிச் சுரத்தில் குகை, உச்சிச் சுரத்தில் கண்ணாடி நொறுங்கும் ஓசை, நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. இரண்டாவது, மூக்கடைத்தவன் சண்டைக்கு வருவது போல இருந்தது. தனியாகக் கேட்டால் யாருக்கும் பிடிக்காது. ஆனால் குழுவோடு வாசிக்கும்போது அடியை டிரம்ஸும் பேஸும் எடுத்துக்கொள்ளும், உச்சியைத் தாளத்தட்டுகள் எடுத்துக்கொள்ளும். கிட்டாருக்கு மிஞ்சுவது நடு மட்டும்தான். நடு இல்லாத பெட்டி மற்ற ஓசைகளுக்குள் காணாமல் போகும். அக்கா தன் முதல் மேடையில் அப்படித்தான் காணாமல் போனாள். அதைத் தங்கையிடம் சொன்னதேயில்லை.

கடைக்காரர் பற்றவைப்புக் கோலை மேசையில் வைத்தார். “பாப்பா, தனியாக் கேட்டு முடிவு பண்ணாதீங்க. டிரம்ஸோட வச்சுக் கேட்டா...”

“அண்ணே, நாங்களும் வாசிக்கிறவங்கதான்,” என்றாள் அக்கா. அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். முதல் பெட்டியைக் காட்டி, “இதுவா?” என்று குரலை ஏற்றினாள். இரண்டாவதைக் காட்டி, “அதுவா...” என்று இறக்கினாள்.

“இதுதான்க்கா! மலையே சரியிற மாதிரி இருக்குல்ல?”

“உன் இஷ்டம்,” என்றாள் அக்கா.

பெட்டியை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து வீட்டுக்கு மூன்று மாடி ஏற்றினார்கள். வால்வுக்கு மின்சாரம் கொடுக்கிற இரும்புக் கட்டி இருக்கும் கனமான பக்கத்தைத் தங்கை பிடித்தாள். “விரல் நசுங்கிடப் போகுது, பாத்துக்கா,” என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை ஒத்திகை. டயர் கிடங்கின் பின்னறை, சுவரெல்லாம் பழைய மெத்தைகள். பாட்டு தொடங்கியது. தங்கையின் இடம் வந்தது. விரல்கள் பறந்தன, சத்தம் வரவில்லை. தொட்டிக்குள் வாயசைக்கும் மீனைப் போலிருந்தாள். அக்காவின் கரகரத்த சின்ன ஆம்ப் மட்டும் தெளிவாகக் கேட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவளுக்கு முதல்முறையாகப் பசித்தது.

“சின்னவளே, வாசிக்கிறியா, கொசு அடிக்கிறியா? ஏத்து!” என்றான் தொண்டை.

தங்கை ஓசையைக் கூட்டும் கெயின் திருகை ஏற்றினாள். ஓசையில் சேறுதான் கூடியது. இன்னும் ஏற்றினாள். மூன்றாவது முறை டிரம்மர் குச்சிகளைத் தொடையில் போட்டுவிட்டுச் சொன்னான்: “எனக்குப் பெரியவ வாசிக்கிறது மட்டும்தான்பா கேக்குது. பேசாம பழையபடியே போயிடலாமா?”

தொண்டை மறுக்கவில்லை. அக்கா ஒரு மாதமாக ஏங்கியது, கேட்காமலே கைக்கு வந்து நின்றது.

“பெட்டியில ஏதாவது கோளாறா?” என்று தொண்டை குனிந்து பார்த்தான்.

“பெட்டியச் சொல்லாத. எங்கக்கா காது கேட்டு எடுத்தது,” என்று தங்கை வெடுக்கென்று சொன்னாள். பெட்டியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தன் விரல்களைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எனக்குத்தான் அழுத்தம் பத்தல. ரூம்ல தனியா வாசிச்சே பழகிட்டேன்ல.”

அக்கா தன் கிட்டாரின் வாரைச் சரி செய்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடி சரி செய்தாள்.

தங்கை புதுப் பெட்டியின் கேபிளைத் தன் கிட்டாரிலிருந்து கழற்றி, அதன் நுனியை அக்காவிடம் நீட்டினாள்.

“நீ இதுல என் பாகத்த வாசிக்கா. நான் வாசல்ல நின்னு கேக்குறேன். உன் கை பட்டா எப்படிக் கேக்குதுன்னு தெரியணும். அப்பத்தான் நான் லீட்ல இருக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண முடியும்.”

டிரம்மர் குச்சிகளைத் தூக்கினான்.

“ஒரே ஒரு தடவைக்கா. வாசிச்சுக் காட்டேன்.”