குப்புறக் கிடந்தவர்

மெற்றில்டா இரண்டு கைகளையும் விரித்து வாசலில் நின்று படையை மறித்தாள். இரண்டாம் உலகப் போர் முடிந்த செய்தி லண்டன் தோர்ண்டன் ஹீத் அஞ்சலி மண்டபத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும். இரும்புத் தொப்பியும் காக்கிச் சட்டையுமாக நான்கு வெள்ளைக்காரர்கள் படியில் நின்றார்கள். உள்ளே பெட்டியில் அவளுடைய புருஷன் சூசைதாசன், கலியாணத்துக்குத் தைத்த கோட்டோடு கிடந்தார்.

"அம்மா, அவை அப்பாவைத் தூக்க வந்தவை," என்றாள் மகள் அஜித்தா.

"தூக்க வேண்டிய நேரத்திலை தூக்கேல்லை. இப்ப என்னத்துக்கு?"

ஓய்வு பெற்ற பிறகு சூசைதாசன் ஞாயிறுதோறும் சாகப் போய்க்கொண்டிருந்தார். திறந்தவெளி அருங்காட்சியகம் ஒன்றில் பழைய லண்டன் தெருவைக் கட்டிவைத்து, சைரன் ஊதி, பொய்க்குண்டு போட்டுச் சனத்துக்கு யுத்தம் காட்டுவார்கள். பிணத்துக்கு ஆள் தட்டுப்பாடு என்றார்கள். இவர் கையை உயர்த்தினார்.

"யாழ்ப்பாணத்திலை மெய்க்குண்டுக்கே சாகாத மனுசன், இஞ்சை ஓசியிலை சாகப் போகுது," என்று சொல்லி மெற்றில்டா அவரோடு பேச்சை நிறுத்தினாள். அதை அவர் கவனிக்கவே சில கிழமை சென்றது.

சாவில் அவர் அவ்வளவு சுத்தம். ஒருமுறை காகம் ஒன்று முதுகில் வந்து குந்தியிருந்து, மற்றக் காகங்களையும் கூப்பிட்டதாம். ஒரேயொரு பிழைதான். சைரன் கேட்டதும் ஊர்ப் பழக்கத்தில் காதைப் பொத்தி, வாயைத் திறந்து, குப்புற விழுந்துவிடுவார். பொறுப்பாளர் ஹென்றி ஓடிவந்து, பிணத்தின் முகம் சனத்துக்குத் தெரிய வேண்டும் என்று மல்லாத்திவிட்டுப் போவார்.

போன ஞாயிறும் குப்புறத்தான் விழுந்தார். சனம் கைதட்டியது, படம் எடுத்தது, தேத்தண்ணி குடிக்கப் போனது. தெருவைக் கூட்ட வந்த பெண் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. இருதயம் எப்போதோ நின்றிருந்தது.

"அந்தாளிட்டைக் கேள் பிள்ளை. அண்டைக்கு மட்டும் ஏன் வந்து திருப்பேல்லை?"

படியில் நின்ற ஹென்றி தொப்பியைக் கழற்றி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"சொல்லு."

"ஒவ்வொரு கிழமையும் திருத்தி அலுத்துப்போச்சாம். இந்தமுறை கிடக்கட்டும் எண்டு விட்டவராம்."

மெற்றில்டாவின் கைகள் நிலையை விட்டு இறங்க நேரமெடுத்தன.

"உண்மையைச் சொன்னதுக்காகத் தூக்கட்டும். ஆனா இந்த வேசத்தோட ஏலாது. என்ரை மனுசன் இண்டைக்கு நடிக்கேல்லை எண்டு சொல்லு."

"மாத்த உடுப்புக் கொண்டுவரேல்லையாம், அம்மா."

"எங்கடை ஆக்களிட்டை வாங்கிக் குடு."

கார் நிறுத்துமிடத்தில் சொந்தக்காரர்கள் கோட்டுகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். காக்கிக் காற்சட்டையை மட்டும் மெற்றில்டா மன்னித்தாள். ஆறடி ஹென்றிக்கு அவளுடைய தம்பி ஜெராட்டின் கோட்டு. கை முழங்கையோடு நின்றுவிட்டது.

பெட்டி தோளுக்கு ஏறியபோது அந்தக் கோட்டின் முதுகுத் தையல் மேலிருந்து கீழாகப் பிரிந்தது. ஹென்றி நிற்கவில்லை. பின்னால் நடந்த மெற்றில்டா, வெளியே தெரிந்த பனியனைப் பார்த்துக்கொண்டே கார்வரைக்கும் போனாள்.