இசிட்ரோவின் சீட்டு

"அறுப்பு முடியற வரைக்கும்தான்," என்றான் ஆண்டோய்.

"கொசுவலை இருக்கா அங்க?"

"இருக்கு. ஒரு ஓட்டை. தைச்சுக்கறேன்."

"போர்வைய எடுத்துக்கோ. ஆத்தங்கரையில விடியக்காலம் குளிரும்."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. அது நடந்து நான்கு வருடமாகிறது. குவைத்தில் எட்டு வருடம் யாரோ பெற்ற பிள்ளைகளை வளர்த்துவிட்டு ஹெர்மினியா ஊர் திரும்பிய மூன்றாம் மாதம் அது. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. எட்டு வருடம் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்ட மனிதனும், எட்டு வருடம் அடுத்தவர் வீட்டில் ஓசைப்படாமல் நடந்து பழகிய மனுஷியும், ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டே களைத்துப்போனார்கள். வயலைக் காவல் காக்கிறேன் என்று அவன் ஆற்றோரக் குடிசைக்குப் போனான். அறுப்பு முடிந்தது. அடுத்த நடவும் வந்தது. அவன் வரவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

'போகாதே' என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். போர்வையைப் பற்றித்தான் பேச வந்தது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து கோயில் வாசலில் அவனைப் பார்க்கும்போது, இன்று கேட்டுவிடுவது என்று கிட்டே போவாள். 'கோழி முட்டை போடுதா?' என்று கேட்டுவிட்டுத் திரும்புவாள்.

இலவச மருத்துவ முகாம் வருடத்துக்கு ஒரு முறைதான் இந்த மலையடிவார ஊருக்கு வரும். டாக்டர்கள் விடிகாலையில் லாரியில் வந்து இறங்கி, கூடைப்பந்து மைதானத்தின் தகரக் கூரைக்கடியில் மேசை போட்டுவிட்டால், மாலை நான்கு மணிக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஊர் சுகாதாரத் தொண்டரான ஹெர்மினியாவுக்கு முதல் மேசை. வருகிறவர்களுக்குப் பிரஷர் பார்த்து, பெயரும் வரிசை எண்ணும் உள்ள சீட்டில் அளவை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் மற்ற மேசைகளில் வைத்தியம். பிரஷர் கூடியிருந்தால் பல் டாக்டர் கிட்டே சேர்க்கமாட்டார்.

ஊருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் வரிசையில் நின்ற பாதிப்பேர் பச்சைப் பூண்டை மென்றுகொண்டிருந்தார்கள். பூண்டு பிரஷரை இறக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

"தேவமாதாவே, இன்னிக்கு ஊரையே தாளிச்சுடலாம் போல," என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் எழுதிய டெல்பினா. "அடுத்தவங்க வாங்க! வாயை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு உக்காருங்க!"

எண்பத்தாறாவது ஆளாக வந்து உட்கார்ந்தவன் ஆண்டோய்.

கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை. இடது கன்னம் பன் ரொட்டிபோல வீங்கியிருந்தது. அவனிடமும் பூண்டு வாசனை. டெல்பினா பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாரானாள்.

"எத்தன நாளா இப்படி?" என்றாள் ஹெர்மினியா.

"மூணு வாரம். இன்னிக்குப் பிடுங்கிட்டாச் சரியாயிடும்."

பட்டையைச் சுற்ற அவன் சட்டைக்கையைத் தானே மடித்துவிட்டாள். நான்கு வருடத்தில் அவனைத் தொடுவது இதுதான் முதல் தடவை. கை மெலிந்திருந்தது. காற்றடித்து மெதுவாக இறக்கினாள். காதில் துடிப்பு எதிர்பார்த்ததற்கு வெகு முன்னாலேயே கேட்க ஆரம்பித்தது. தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று மறுபடி பார்த்தாள். இருநூற்றுப் பத்துக்கு நூற்றிருபது.

"தலை வலிக்குதா? கண்ணு மங்குதா?"

"பல்லு வலிக்குது. கொஞ்சம் கொறச்சு எழுதேன், மினியா. உன் கையிலதான பேனா இருக்கு."

"விளையாடறியா? இந்தப் பிரஷரோட பல்லப் பிடுங்கினா ரத்தம் நிக்காது. நரம்பு வெடிச்சு வாய் கோணிக்கும். போன வருஷம் அக்கரையில ஒருத்தர் நாற்காலியிலயே சாஞ்சாரே, கேள்விப்படல?"

"அவருக்கு வயசு எழுபது."

"உனக்கு அம்பத்தஞ்சு. எந்திரி. நேரா பெரிய டாக்டர் வரிசைக்குப் போ."

சிவப்பு மையில் அளவை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தாள். அவன் சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எழுந்து போனான்.

அதன்பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. பெரிய டாக்டர் வரிசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டைகள் நிறைய இருந்தன. எல்லாமே ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகள். அவனுடையது கண்ணில் படவில்லை. ஒரு கிழவருக்குப் பட்டையை இறுக்கிவிட்டுக் காற்றை இறக்க மறந்துபோனாள்.

"என் கை நீலமாயிடுச்சும்மா," என்றார் அவர் பொறுமையாக.

"மனாங், உன் மனசு இங்க இல்ல," என்றாள், அவளை அக்கா முறை வைத்து அப்படி அழைக்கும் டெல்பினா. "போய்க் கொஞ்சம் கஞ்சி குடிச்சுட்டு வா. நான் பார்த்துக்கறேன்."

கஞ்சி அண்டா அருகே, இஞ்சி மணக்கும் கோழிக்கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார் இசிட்ரோ. ஆண்டோயின் பக்கத்து வயல்காரர். காலையில் அவருக்கு அவள்தான் பிரஷர் பார்த்தாள், வாலிபனுடையதுபோல நூற்றுப் பதினெட்டு இருந்தது. அந்த நேரம் ஒலிபெருக்கி கரகரத்தது: "நாப்பத்தி ஒண்ணு! இசிட்ரோ மலுனெஸ்! பல் பிடுங்கற அறைக்கு வரவும்!"

இசிட்ரோ அசையவில்லை. இன்னொரு கரண்டி கஞ்சி உள்ளே போயிற்று.

"மனோங், உங்களத்தான் கூப்பிடறாங்க," என்றாள் ஹெர்மினியா. மூத்த ஆண்களை அண்ணன் முறை வைத்து ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள்.

"என்னையா? இல்லியே."

"இசிட்ரோ மலுனெஸ் நீங்கதான? பல் பிடுங்கவாம்."

"என்கிட்ட ஏதும்மா பல்லு?" என்று சிரித்தார் அவர். மேலும் கீழும் வெறும் ஈறு. சிரித்த வாயை மூட மறந்து, எதையோ உளறிவிட்டவர்போலத் திருதிருவென்று விழித்தார்.

ஹெர்மினியா கரண்டியோடு அவர் கையைப் பிடித்தாள். "உங்க சீட்டு எங்க?"

"அவன் ரொம்பக் கெஞ்சினாம்மா. வலியில அழுதுட்டான். எனக்கு வெறும் சத்து மாத்திரைதான், அத அவன் சீட்டக் காட்டியும் வாங்கலாம்னு..."

மீதியைக் கேட்க அவள் அங்கே இல்லை.

பல் அறை மைதானத்தின் மறுமுனையில், பாலர் பள்ளியில் இருந்தது. நடுவில் இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகள், குழந்தைகள், குடைகள். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று ஓடினாள். வரிசையைத் தாண்டிப் போகிறாள் என்று யாரோ திட்டினார்கள். ஊசி போட்டிருப்பார்களோ? போட்டுவிட்டால் எத்தனை நிமிடம்? டாக்டர் குறடு எடுத்திருப்பாரோ? அவன் நாற்காலியில் சாய்ந்து கிடப்பதுபோலவே கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு செருப்பு கழன்றது. விட்டுவிட்டு ஓடினாள்.

கதவைத் தள்ளியபோது ஆண்டோய் வாயைப் பிளந்தபடி சாய்ந்திருந்தான். இளவயதுப் பல் டாக்டரின் கையில் ஊசி.

"போடாதீங்க டாக்டர்! அது அவர் சீட்டு இல்ல!"

டாக்டர் கை நின்றது. "இசிட்ரோ இல்லையா இவர்?"

"இல்ல. இவருக்குப் பிரஷர் இருநூத்திப் பத்து. நான்தான் பார்த்தேன்."

"நீங்க யாரு?"

"முதல் மேசைத் தொண்டர்," என்றாள். மூச்சு வாங்கியது. "இவரோட சம்சாரம்."

வாசலில் காத்திருந்த பெண்களிடையே ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. ஆண்டோய் வாயை மெல்ல மூடினான்.

பெரிய டாக்டர் எஸ்கலோனா வந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள். ஆண்டோயை ஒரு பெஞ்சில் படுக்கவைத்து மாத்திரை கொடுத்தார். "கால் மணிக்கு ஒருதரம் பாருங்க," என்று ஹெர்மினியாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் பெஞ்சோரம் தரையில் உட்கார்ந்தாள். இருநூற்றைந்து. கால் மணி கழித்தும் அதேதான். அவன் வலது கையை அசைக்கச் சொன்னாள், அசைத்தான். சிரிக்கச் சொன்னாள்.

"எதுக்கு?"

"வாய் கோணுதான்னு பார்க்கணும். சிரி."

"இந்தக் கன்னத்த வச்சுக்கிட்டா? ஏற்கெனவே கோணல்தான்."

"ஆண்டோய், தயவுசெஞ்சு சிரி."

அவன் சிரித்துக் காட்டினான். நூற்றுத் தொண்ணூறு. பிறகு நூற்று எழுபத்தைந்து. வெளியே நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. லாரியில் மருந்துப் பெட்டிகள் ஏறின.

டாக்டர் அம்மாள் கையைத் துடைத்தபடி திரும்பி வந்தார். "எறங்குது. ஆனா இந்தப் பிரஷர நம்ப முடியாது. தினம் காலையில ஒரு மாத்திரை. சீழுக்குத் தனி மாத்திரை, ஒரு வாரம். கருவாடு, உப்பு எல்லாம் நிறுத்தணும். பல்ல அப்புறம் டவுன்ல பிடுங்கிக்கலாம். தலைவலி, மயக்கம்னா உடனே ஆஸ்பத்திரி. ராத்திரி கூட யாரு இருப்பா?"

"கோழிங்க இருக்கு டாக்டர்," என்றான் ஆண்டோய்.

அம்மாள் சிரிக்கவில்லை. "தனியா விட முடியாது. அப்படின்னா லாரியில ஏறுங்க. டவுன் ஆஸ்பத்திரியில சேர்த்துட்டுப் போறோம்."

"ஏறமாட்டேன்."

"என் வீட்ல இருக்கட்டும்," என்றாள் ஹெர்மினியா அவசரமாக. "நான் பார்த்துக்கறேன். கருவி என்கிட்டயே இருக்கு."

டாக்டர் தலையாட்டிவிட்டு, மாத்திரைப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துப் போனார்.

ஆண்டோய் எழுந்து உட்கார்ந்து சட்டைக்கையை இறக்கிவிட்டான். "நல்லவேள, சமாளிச்ச. லாரி கெளம்பட்டும், நான் குடிசைக்குப் போயிடறேன்."

"டாக்டர்கிட்ட சொல்லிட்டேனே."

"டாக்டர் கேட்டாங்க, நீ சொன்ன. தொண்டர் வேலை. இசிட்ரோவா இருந்தாலும் இதேதான் சொல்லியிருப்ப." அவன் குரலில் கோபம் இல்லை. "நோயாளியா வந்து உன் வீட்ல படுக்க எனக்கு இஷ்டமில்ல, மினியா. மாத்திரைய குடு."

கையை நீட்டினான். வெளியே லாரி உறுமியது. ஊர்க்காரர்கள் கைதட்டி வழியனுப்பினார்கள். இப்போது கொடுத்துவிட்டால் அவன் ஆற்றங்கரைப் பாதையில் இறங்கிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலுக்கு வருவான், அல்லது வரமாட்டான். அவன் விழுந்தாலும் அங்கே யாருக்குத் தெரியப்போகிறது?

கோழியைப் பற்றி ஏதோ அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள். பொட்டலத்தைப் பிடித்திருந்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"உன் பிரஷர் நூறே இருந்தாலும் இதத்தான் கேப்பேன்," என்றாள். நிறுத்தாமல் பேசினாள். "அன்னிக்கே கேக்க நெனச்சேன். வாய் வரல. நாலு வருஷமா வரல. வீட்டுக்கு வந்துடு, ஆண்டோய். எனக்கு நீ வேணும்."