முன்னும் பின்னும்

ஆறு வாரமாக வலைப்பூ எழுதியும் ஸ்டுடியோவுக்கு ஓர் ஆர்டர்கூட வரவில்லை. போட்டோகிராபர் மனம் நொந்து, ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தைத் திருத்துவதற்கு முன்னும் திருத்திய பின்னுமாக அதில் போட்டார். முந்நூறு பேர் பார்த்தார்கள். மறுநாளே பெண்ணின் அம்மா கடைக்குள் புயலாக நுழைந்தாள்.

"ஏம்ப்பா, எம் பொண்ணு முகத்துப் பருவை ஊருக்கே காட்டிட்டியே!"

இருக்கிற பேரும் போச்சு என்று அவர் அவசரமாகக் கணினியைத் திறந்தார். "தப்புதாங்க்கா. இப்பவே எடுத்துடறேன்."

"சம்பந்தியம்மாவோட கழுத்து மடிப்பையும் நீதானே மறைச்சே? அதைப் போடலையே! பொண்ணு வீடுன்னா அவ்வளவு இளக்காரமா?"

"ஐயோ, வேணாங்க்கா! அதுக்குப் பதிலா என் வழுக்கையைப் போட்டுடறேன்."

அவள் அவர் தலையை நிதானமாகப் பார்த்தாள்.

"சரி. ஆனா திருத்தாத படத்தைப் பெருசா போடு."