மூன்றாவது ஊசி

வாயில் மிச்சமிருக்கும் நாலு பற்கள்மேல் சத்தியம், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

ஹெலிகாப்டர் முன்னால் பறக்கும்போது, காற்றை எதிர்த்து வரும் இறக்கைக்குத் தூக்கும் பலம் கூடும். பின்னால் போகிற இறக்கைக்குக் குறையும். அப்படியே விட்டால் வண்டி ஒருபக்கமாகக் கவிழும். அதற்காகத்தான் ஒவ்வோர் இறக்கையின் அடியிலும் ஒரு கீல். பலத்தது மேலே எழும்பிக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இளைத்தது கீழே தணிந்து கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கணவன் மனைவி மாதிரி என்பார்கள். என் வீட்டில் கீல் ஒரு பக்கம்தான்.

வண்டி நிற்கும்போது இறக்கை ஆடாதிருக்க, கீல்களில் சிவப்பு நாடா கட்டிய மூன்று ஊசிகள் செருகுவோம். பறக்குமுன் ஒருவன் ஏறி உருவுவான். கீழே நிற்பவன் எண்ணிக் கையெழுத்துப் போடுவான். அன்று ஏறியவன் என் மனைவியின் தம்பி. தலைமை மெக்கானிக் வேலைக்கு நாங்கள் இருவர்தான் போட்டி.

"மூணும் வந்தாச்சு மாமா," என்று கையில் திணித்தான்.

"எண்ணணுமாடா?"

"என்ன மாமா, நம்ம வீட்டுப் பிள்ளைய நம்ப மாட்டீங்களா?"

நம்பினேன். கையெழுத்துப் போட்டு, சோதனைப் பறப்புக்கு நானும் ஏறினேன்.

வேகமெடுத்ததும் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. கையைத் திறந்தால் இரண்டு ஊசிதான். நான் வெளியே இறங்கி வலப்பக்கச் சட்டத்தில் தொங்கினேன். "அண்ணே, இன்னும் கொஞ்சம் தள்ளித் தொங்குங்க," என்றார் விமானி. தொங்கினேன். அப்படியே கூரைமேல் ஏறி, நிமிடத்துக்கு முந்நூறு சுற்று சுற்றும் இறக்கைத் தலையில் கைவிட்டேன். முந்நூறாவது சுற்றில் ஊசி அகப்பட்டது.

இறங்கி வந்தால், 'மாமா எண்ணாமல் கையெழுத்துப் போட்டார்' என்ற புகார் மேலதிகாரி மேசையில் கிடக்கிறது. மை காயவில்லை.

மனைவியிடம் சொன்னேன்.

"அவன் எழுதினது பொய்யா?"

"பொய்யில்லடி. அதான் வயிறு எரியுது."

"அப்ப எண்ணித் தொலைச்சிருக்கலாம்ல?"

நாற்காலி அவனுக்குப் போயிற்று. இன்றுவரை அவன் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. கேட்டால், தான்தான் என்னை உள்ளே விடுவதில்லை என்பான்.

அந்த மூன்றாவது ஊசி, சிவப்பு நாடாவோடு, தலைமை மெக்கானிக்காக நான் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்த மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. நாற்காலி அவனுக்குப் போயிற்று என்றேனே, அதற்கு ஒரு பல்லைக் கழித்துக்கொள்ளுங்கள்.